ஜூலையில் மிரிஸ்ஸவில் திமிங்கிலம் காட்டுகிறோம் என்பவரிடம் காசு கொடுக்காதீர்கள்

வெளிநாட்டில் இருக்கும் உறவினர் பிள்ளைகளோடு கொழும்புக்கு வருவது பெரும்பாலும் ஜூலை, ஆகஸ்ட் விடுமுறையில்தான். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் அந்த மாதங்களில் விருந்தினர் இல்லாத வீடு குறைவு. இதைக் கணக்கு வைத்தே சில சுற்றுலா முகவர்கள், தென் கரையிலுள்ள மிரிஸ்ஸவில் படகேறித் திமிங்கிலம் பார்க்கும் பயணத்தை விற்கிறார்கள். கனடாவிலிருந்து வந்த என் அக்கா குடும்பத்துக்கும் அப்படித்தான் விற்றார்கள்.

காசு கட்டும் முன்பே கேட்டேன்: "இது சோழகக் காலம் (தென்மேற்குப் பருவக்காற்றுக் காலம்) அல்லவா, கடல் எப்படி இருக்கும்?" முகவர் சிரித்தார். "திமிங்கிலம் ஆண்டு முழுவதும் நிற்கும் தம்பி. தொடும் தூரத்தில் காட்டுவோம். காணாவிட்டால் முழுக் காசும் திரும்பும்." வான், படகு, காலை உணவு எல்லாவற்றுக்கும் சேர்த்து முன்கூட்டியே வாங்கிக்கொண்டார்.

நள்ளிரவு தாண்டிப் புறப்பட்டு, விடியும்போது மிரிஸ்ஸ மீன்பிடித் துறைமுகத்தில் நின்றோம். படத்தில் காட்டிய இரண்டு தட்டுப் படகு அங்கே இல்லை. சிறிய படகொன்றில் ஏறச் சொன்னார்கள். உயிர்காப்பு அங்கிகள் சிலவற்றில் கொக்கியே இல்லை. சிறுவர் அளவில் ஒன்றுகூட இல்லை. அக்காவின் சின்ன மகளுக்குப் பெரியவர்களின் அங்கியைக் கயிற்றால் கட்டினார்கள். அதை நினைத்தால் இன்னும் எனக்குக் கோபம் அடங்கவில்லை. துறைமுக அணையைத் தாண்டியதுமே அலை படகுக்குள் அடித்தது. பிள்ளைகள் வாந்தியெடுத்து அழுதார்கள். சற்று நேரத்தில் ஓட்டியே படகைத் திருப்பிவிட்டார். அதற்கு அவருக்கு நன்றி சொல்ல வேண்டும். கரைக்கு வந்த பின், இந்த மாதங்களில் இங்கே பல படகுகள் கட்டித்தான் கிடக்கும் என்றும், நாங்கள் கட்டிய காசில் பாதிகூடத் தனக்கு வரவில்லை என்றும் சிங்களத்தில் சொன்னார்.

கொழும்பு திரும்பிக் காசைக் கேட்டால், "படகு கடலில் இறங்கியது, சேவை கொடுத்தாகிவிட்டது" என்றார் முகவர். பதிலாக ஓர் இலவசச் சீட்டை நீட்டினார். அடுத்த வாரம் கனடாவுக்கு விமானம் ஏறுபவர்களுக்கு அது எதற்கு? பற்றுச்சீட்டில் ஒரு கைத்தொலைபேசி இலக்கம் மட்டும். சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபையின் பதிவு இலக்கம் இல்லை.

தெற்குக் கடலில் கண்டமேடை, அதாவது கரையை ஒட்டிய ஆழங்குறைந்த கடலடிப் பரப்பு, ஒடுங்கியது. இலங்கையின் தென்கோடியான தெய்வந்துறை முனைக்கு அப்பால் கொஞ்சத் தூரத்திலேயே ஆழ்கடல் தொடங்குவதால்தான் நீலத் திமிங்கிலங்களைக் கரையிலிருந்து போய்ப் பார்க்க முடிகிறது. ஆனால் அதற்கான பருவம் ஏறக்குறைய டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரை. மே மாதத்துக்குப் பின் தென்மேற்குப் பருவக்காற்று அந்தக் கடலைக் குழப்பிவிடும். அப்போது திருகோணமலைக்குப் போக வேண்டும். துறைமுகத்தை ஒட்டியே ஆழமான கடற்பள்ளத்தாக்கு இருப்பதால் அங்கேயும் திமிங்கிலங்கள் வரும், கடலும் அந்த மாதங்களில் அமைதியாக இருக்கும். கொழும்பு முகவருக்கு இது தெரியாமல் இருக்காது. தெரிந்தே விற்கிறார்.

"தொடும் தூரம்" என்பதும் சட்டத்துக்கு மாறான வாக்குறுதி. திமிங்கிலத்தை 100 மீற்றருக்குள் படகு நெருங்கக் கூடாது என்பது விதி. அதை மீறுவதாகப் பெருமை பேசுபவர் உங்கள் பிள்ளைகளின் பாதுகாப்பை மதிப்பார் என்று நம்பாதீர்கள்.

முழுக் காசையும் கொழும்பில் கட்டாதீர்கள். படகையும் அங்கிகளையும் துறைமுகத்தில் கண்ணால் பார்த்த பின் மிச்சத்தைக் கொடுங்கள். காசு திரும்பும் என்ற வார்த்தையைப் பற்றுச்சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். நாங்கள் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையில் முறைப்பாடு கொடுத்திருக்கிறோம். இதேபோல் ஏமாற்றப்பட்டிருந்தால், அந்தச் சபையின் 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்து நீங்களும் பதிவு செய்யுங்கள். பற்றுச்சீட்டையும் முகவர் அனுப்பிய குறுஞ்செய்திகளையும் அழித்துவிடாதீர்கள்.