மோடத்துக்குக் கரண்ட்: ஆல்வேஸ்-ஆனா, பூட்-ஆனா, கேட்டபோது மட்டுமா?

ஹட்டன் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், தேயிலை மலையின் உச்சியில் ஒரு சின்னப் பெட்டி வைத்திருக்கிறோம். மழை, வெப்பம், ஈரப்பதம் மூன்றையும் அளந்து மணிக்கு ஒருமுறை மோடம் வழியாக அனுப்பும். உள்ளே லினக்ஸ் ஓடும் போர்டு, ஒரு பெட்டரி. மேலே சோலார் தகடு. இதே மாதிரிப் பெட்டி பண்டாரவளையிலும் ஒன்று இருக்கிறது. இரண்டுக்கும் ஒரே டிவைஸ் ட்ரீ கோப்பை, அதாவது போர்டில் என்னென்ன எப்படி இணைந்திருக்கிறது என்று லினக்ஸுக்குச் சொல்லும் கோப்பை, போட்டேன். வம்பு அங்கேதான் ஆரம்பித்தது.

மோடத்துக்கு 3.8 வோல்ட் வேண்டும். அந்த மின்பாதையைத் திறந்து மூட ஒரு ஜிபிஐஓ கால் (மென்பொருளால் ஆன், ஆஃப் செய்யக்கூடிய சிப்பின் கால்) இருக்கிறது. இதை டிவைஸ் ட்ரீயில் 'ரெகுலேட்டர்-ஃபிக்ஸ்ட்', அதாவது வோல்ட் மாறாத மின்பாதை, என்று எழுதுவதில் சண்டை இல்லை. எப்போது ஆன், எப்போது ஆஃப் என்று யார் முடிவு செய்வது? அதற்குத்தான் மூன்று வழி.

நான் முதலில் எடுத்தது 'ரெகுலேட்டர்-பூட்-ஆன்'. பெயரைப் பார்த்தால் 'பூட் ஆகும்போது போடு, அப்படியே விடு' என்றுதானே தோன்றுகிறது? மேசையில் மோடம் எழுந்தது, சிக்னல் பிடித்தது, அரை நிமிடத்தில் செத்தது. ரீபூட் செய்தால் மறுபடி அதே கதை. வெளியே நல்ல மூடுபனி. "பனி சிக்னலைத் தின்னுது அண்ணே" என்றான் கூட இருந்த தம்பி. ஆன்டெனாவை மாற்றினேன், கேபிளை மாற்றினேன். கடைசியில் லினக்ஸின் மையமான கெர்னல் எழுதும் லாக்கைப் பார்த்தால், 33ஆவது விநாடியில் ரெகுலேட்டரின் பெயர், பக்கத்தில் 'டிசேபிளிங்' என்று ஒரே ஒரு சொல்.

பனி மேல் பழி போட்டது பாவம். பூட்-ஆன் என்பது 'லினக்ஸை எழுப்பும் நிரலான பூட்லோடர் இதை ஏற்கெனவே போட்டுவிட்டது' என்று கெர்னலுக்குத் தரும் தகவல்தான். லினக்ஸ் தன் தொடக்க வேலைகளை முடித்து 30 விநாடி பொறுக்கும். அதற்குள் எந்த டிரைவரும் (ஒரு கருவியை ஓட்டும் கெர்னல் நிரல்) 'எனக்கு இது வேண்டும்' என்று கேட்காத ரெகுலேட்டர்களை அணைத்துவிடும். யூஎஸ்பி வழியாக வரும் என் மோடத்துக்காக அப்படிக் கேட்க ஆளே இல்லை. பூட்லோடர் காட்டிய படத்தை டிஸ்பிளே டிரைவர் வரும்வரை அணையாமல் வைத்திருக்க பூட்-ஆன் சரி. கேட்க ஆளில்லாத பாதைக்கு அது ஆகாது.

அடுத்தது 'ரெகுலேட்டர்-ஆல்வேஸ்-ஆன்'. ஒரு வரி போட்டால் போதும், யாரும் அணைக்க மாட்டார்கள். ஆனால் நீங்களே நினைத்தாலும் அணைக்க முடியாது. மோடம் எப்போதாவது உறைந்து நிற்கும். மின்னைத் துண்டித்துக் கொடுத்தால்தான் தெளியும். ஆல்வேஸ்-ஆன் என்றால் அதற்கு மலையேற வேண்டும், ஜூலை மழையில், காலில் அட்டையோடு.

செலவும் இருக்கிறது. மோடம் சும்மா நிற்கும்போது 20 மில்லிஆம்பியர் எடுக்கிறது என்று வையுங்கள். நாளுக்கு 480 மில்லிஆம்பியர்-மணி. தென்மேல் பருவமழை பிடித்துவிட்டால் ஹட்டன் பக்கம் மே கடைசியிலிருந்து செப்டம்பர் வரை வெயிலை நம்ப முடியாது. அதே மாதங்களில் மழையெல்லாம் மேற்குச் சரிவிலேயே கொட்டிவிடுவதால் பண்டாரவளை காய்ந்து கிடக்கும், கச்சான் என்னும் வறண்ட காற்று மட்டும் அடிக்கும். ஆகவே ஒரே வரி அங்கே பிழைக்கும், இங்கே பெட்டரியைக் கொல்லும்.

மூன்றாவது, கேட்க ஓர் ஆளை நாமே வைப்பது. எஸ்டி கார்டுக்கு 'விஎம்எம்சி-சப்ளை' என்று எழுதினால் அதன் டிரைவரே கேட்டுக்கொள்ளும். டிரைவர் கேட்காத மோடத்துக்கு, புதிய கெர்னல்களில் டிவைஸ் ட்ரீயில் எழுத 'ரெகுலேட்டர்-அவுட்புட்' என்றொரு கணு (நோட்) இருக்கிறது. அதில் 'விஅவுட்-சப்ளை' என்று மோடத்தின் பாதையைக் காட்டினால், கெர்னல் தன் அமைப்புகளைக் கோப்புகளாகக் காட்டும் சிஸ்எஃப்எஸ்ஸில் 'ஸ்டேட்' என்ற கோப்பு வரும். அதில் 'எனேபிள்ட்' அல்லது 'டிசேபிள்ட்' என்று நம் ஸ்கிரிப்டே எழுதலாம். மணிக்கு 5 நிமிடம் மோடம் விழித்திருந்தால் நாளுக்கு 2 மணி நேரம்தான். அந்த 480, 40 ஆகிறது. அனுப்பும்போது இழுப்பது தனிக் கணக்கு. அணைக்கும் முன் ஏடி கட்டளையில் (மோடத்துக்கு அனுப்பும் எழுத்துக் கட்டளை) மோடத்தை மூடச் சொல்ல வேண்டும், மறந்துவிடாதீர்கள்.

எந்த வழியானாலும், ஜிபிஐஓ கால் உயர்ந்தால் ஆன் ஆகும் பாதைக்கு 'எனேபிள்-ஆக்டிவ்-ஹை' என்ற வரி விட்டுப்போனால் ஆன் ஆஃபாகும், ஆஃப் ஆனாகும். ஜிபிஐஓ வரியிலேயே ஆக்டிவ்-ஹை என்று எழுதினேனே என்றால், ஃபிக்ஸ்ட் ரெகுலேட்டர் அதைக் காதில் போடாது.

டிவைஸ் ட்ரீயில் வோல்ட்டை மைக்ரோவோல்ட்டில் எழுதுவது பற்றியும் ஒன்று. 3.3 வோல்ட் என்றால் 3300000. பூச்சியங்களை விரல் வைத்து எண்ணுங்கள். ஃபிக்ஸ்ட் ரெகுலேட்டரில் அந்த எண் வெறும் தகவல், தப்பாக எழுதினாலும் கம்பியில் ஓடும் வோல்ட் மாறாது. பல மின்பாதைகளின் வோல்ட்டை மாற்றிக் கொடுக்கும் பிஎம்ஐசி சிப்பில் அதுவே கட்டளை. மின்-மைக்ரோவோல்ட் (மினிமம்), மேக்ஸ்-மைக்ரோவோல்ட் (மேக்ஸிமம்) இரண்டிலும் 3300000 என்று எழுதினால், சிப்பால் முடியுமானால், கெர்னல் அந்தப் பாதையை அந்த வோல்ட்டுக்கே கொண்டுபோய் நிறுத்தும். அங்கே தொங்குவது 1.8 வோல்ட் சென்சார் என்றால் புது சென்சார் வாங்கத் தயாராகுங்கள்.

இப்போது பண்டாரவளைப் பெட்டியில் ஆல்வேஸ்-ஆன்; அது வீட்டுக் கூரையில் இருக்கிறது, உறைந்தால் ஏணி போதும். ஹட்டன் பெட்டியில் ரெகுலேட்டர்-அவுட்புட். மலைக்குக் கொண்டுபோகும் முன் மேசையில் 2 நிமிடம் ஓடவிட்டு, கெர்னலின் பிழைதேடும் கோப்புகள் இருக்கும் டீபக்எஃப்எஸ்ஸில் 'ரெகுலேட்டர்_சம்மரி'யைத் திறந்து, மோடத்தின் வரிக்குக் கீழே கேட்பவர் பெயர் நிற்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மூடியைத் திருகுகிறேன்.