ஏற்காட்டில் ஓய்வா, சேலத்தில் நடையா?

அப்பாவுக்கு நுரையீரல் புற்றுநோய். மூன்று வாரத்துக்கு ஒருமுறை பெம்ப்ரோலிசுமாப் என்ற இம்யூனோதெரபி மருந்து 200 மில்லிகிராம் ஏறுகிறது. நான்காவது டோஸுக்கு அப்புறம் ஒரு அசதி வந்தது பாருங்கள், பல் துலக்கிவிட்டு வந்து மறுபடி படுத்துவிடுவார். ஏற்காட்டில் இருக்கும் சித்தப்பா, "எதுக்குங்கண்ணா இந்த வெயில்ல கெடக்கறீங்க, ஒரு மாசம் மேல வந்து இருங்க" என்றார். டாக்டரோ தினமும் நடக்கச் சொன்னார்.

எது சரி என்று பேசிப் பேசியே நாங்கள் ஒரு மாதத்தை வீணாக்கினோம். முதலில் செய்திருக்க வேண்டியது ரத்தப் பரிசோதனை. இந்த மருந்து நோய் எதிர்ப்பு செல்களின் பிரேக்கை எடுத்துவிடுகிறது. அவை தைராய்டையும் தாக்கலாம், அதை இயக்கும் மூளையடிச் சுரப்பியான பிட்யூட்டரியையும் தாக்கலாம். பிட்யூட்டரி அடிபட்டால், தைராய்டுக்கு வழக்கமாகப் பார்க்கும் டி.எஸ்.எச். நார்மலாகவே காட்டி ஏமாற்றலாம். அதனால் ஃப்ரீ டி4 என்ற தைராய்டு ஹார்மோன், காலை 8 மணிக்கு கார்டிசால் என்ற அட்ரீனல் ஹார்மோன் இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கார்டிசாலும் குறைந்திருந்தால் முதலில் ஸ்டீராய்டு, பிறகுதான் தைராய்டு மாத்திரை. அப்பாவுக்கு தைராய்டு மட்டும்தான். மாத்திரை ஆரம்பித்துச் சில வாரங்களில் பாதி அசதி போய்விட்டது.

மீதிப் பாதிக்குத்தான் மலையா, நடையா என்ற கேள்வி. மலையில் குளிர்ச்சி, நல்ல தூக்கம். ஆனால் அங்கே போனால் அப்பா போர்வையை விட்டு எழமாட்டார். நாள் முழுக்கப் படுத்தால் தசை கரையும், அடுத்த நாள் இன்னும் அசதி. புற்றுநோய் அசதிக்கு உடற்பயிற்சி உதவுகிறது என்பதற்குத்தான் ஆய்வுகளின் ஆதரவு அதிகம்.

எனக்கு அதைவிடப் பெரிய பயம், அந்த 20 கொண்டை ஊசி வளைவுகள். இந்த மருந்தில் இருப்பவருக்கு வயிற்றுப்போக்கு வந்தால் அது நேற்றுச் சாப்பிட்ட தட்டுவடை செட்டின் வேலை என்று விட்டுவிட முடியாது. குடல் அழற்சியாக இருக்கலாம். ஒரு நாளில் வழக்கத்தைவிட நான்கு முறை கூடுதலாகப் போனால், மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டு அடக்காமல் உடனே டாக்டரைக் கூப்பிட வேண்டும். புதிதாக இருமல், மூச்சுத்திணறல் என்றாலும் அப்படியே. நடுராத்திரியில் இது நடந்தால் மலையிலிருந்து எப்படி இறக்குவது?

சேலத்து நடைக்கு எதிரி வெயில்தான். ஆறு மணிக்கு முன் எங்கள் தெருவிலேயே பத்து நிமிடம். இப்போது சாயங்காலமும் பத்து. முடியாத நாளில் வாசல்வரை. பகல் தூக்கம் அரை மணிக்கு மேல் கிடையாது, அதில் மட்டும் தினமும் சண்டை.

பக்கத்து வீட்டு அக்கா அமுக்கரா (அஸ்வகந்தா) சூரணம் கொடுத்தார். அது சிலருக்குக் கல்லீரலைப் பாதிக்கும். இந்த மருந்தும் அதைச் செய்யலாம். எது காரணம் என்று தெரியாமல் போய்விடும் என்று டப்பாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

சித்தப்பாவுக்குத்தான் கோபம். போன வாரம் அவரே மலையிறங்கி வந்து, காலையில் அப்பாவோடு நடந்துவிட்டுப் போனார்.