ரெவோவுக்கு நகல் ஸ்னார்க்கல்: குழாய் தேறும், கிளாம்பு தேறாது

கோலாலம்பூர் போர்வீல் கடைகளில் டொயோட்டா ஹைலக்ஸ் ரெவோ பிக்கப்புக்கு இரண்டு ரக ஸ்னார்க்கல் கிடைக்கிறது, அதாவது இன்ஜினுக்கு வேண்டிய காற்றை உயரத்திலிருந்து இழுக்கும் குழாய். ஒன்று ஆஸ்திரேலியாவின் சஃபாரி. மற்றது அதைப் பார்த்து வார்த்தது. பெட்டியில் கம்பெனிப் பெயர்கூட இருக்காது, விலை பாதிக்கும் கீழே. உலு லங்காட், கோம்பாக் பக்கம் ஆற்றில் இறங்குகிறவர்கள் "நகல் தாங்குமா?" என்றுதான் கேட்கிறார்கள். குழாய் தாங்கும். கூட வரும் சில்லறைச் சாமான் தாங்காது.

எதற்கு இவ்வளவு கவலை என்பவர்களுக்கு ஒரு கணக்கு. ரெவோ 2.8 இன்ஜின் 2,755 சிசி, நான்கு சிலிண்டர், கம்ப்ரஷன் விகிதம் 15.6. பிஸ்டன் உச்சிக்குப் போகும்போது ஒரு சிலிண்டரில் மேலே மிஞ்சும் இடம் ஏறக்குறைய 47 மில்லிதான், அதாவது மூன்று மேசைக்கரண்டி. அதற்கு மேல் தண்ணீர் புகுந்தால் அது அமுங்காது; கனெக்டிங் ராடு வளையும். கம்பெனி வைத்த காற்று வாய் வலப்பக்க மட்காட்டுக்குள் இருக்கிறது. வேகமாக இறங்கினால் முன்னால் எழும் அலையே அதை எட்டிவிடும்.

இனி பெட்டியைப் பிரிப்போம். உடம்பு பாலிஎத்திலீன். சஃபாரியின் குழாய் வெயில் தாங்கும் குறுக்குப்பிணைப்பு ரகம். நகல் காலப்போக்கில் சாம்பல் பூத்துப்போகும், ஆனால் அவ்வளவு சீக்கிரம் வெடிக்காது. டார்ச் அடித்து வளைவுப் பகுதியைப் பாருங்கள்: அந்த இடத்தில் மட்டும் ஒளி தெரிந்தால் சுவர் மெல்லிசு, வேறு பெட்டி கேளுங்கள். உடம்பில் பதித்த பித்தளை நட்டுகள்தான் பலவீனம். இறுக்கி முறுக்கினால் பிளாஸ்டிக்குக்குள்ளேயே சுழல ஆரம்பித்துவிடும், பிறகு பிடிக்க வழியில்லை. கையால் முட்டும்வரை திருகி, ஸ்பானரில் கால் சுற்று போதும்.

தலைப்பகுதியைக் கட்டாயம் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். முன்னால் மோதும் காற்றில் இருக்கும் மழைநீர் சுவரில் பட்டு, பின்பக்கப் பிளவுகள் வழியாக வெளியேற வேண்டும். சில நகல்களில் அது பிளவே இல்லை, அச்சில் விழுந்த கோடு. நகத்தை விட்டுப் பாருங்கள், உள்ளே போகாவிட்டால் மழையெல்லாம் நேரே பில்டருக்குத்தான். 3 மி.மீ. டிரில்லால் நீங்களே திறந்துவிடலாம்.

கூட வரும் காகித அளவுப் படத்தை நம்ப வேண்டாம். ஜெராக்ஸ் எடுத்து எடுத்துச் சுருங்கியிருக்கும். மட்காட்டில் ஒட்டும் முன் ஸ்னார்க்கலின் போல்ட்டுகள் மேல் வைத்துச் சரிபாருங்கள். தகரத்தில் டேப் ஒட்டி, 3 மி.மீ. துளையில் தொடங்கி, பெரிய துளையை ஹோல்சாவில் வெட்ட வேண்டும். ஓரத்தை ராவிவிட்டு ஜிங்க் பிரைமர் அடிக்காமல் மூடினால் நம்மூர் மழையில் துரு உள்ளிருந்தே தின்னும். சிலிக்கோன் பூசும் முன் முகர்ந்து பாருங்கள். காடி வாசம் வந்தால் அது அமில ரகம், வெட்டிய இரும்பை அரிக்கும். நியூட்ரல் ரகம் வாங்குங்கள்.

ரப்பர் முழங்கையும் கிளாம்பும் குப்பைக்கு. ரப்பர் மெலிசாக இருந்தால் டர்போ இழுக்கும்போது உள்வாங்கிச் சப்பையாகிவிடும், வண்டி மேட்டில் மூச்சு வாங்கும். அதே குறுக்களவில் நான்கு அடுக்கு சிலிக்கோன் ஹோஸ், ஸ்டெயின்லெஸ் டி-போல்ட் கிளாம்பு போட்டால் பிரச்சினை தீர்ந்தது. காற்று பில்டர் இருக்கும் ஏர்பாக்ஸின் கழுத்து பிளாஸ்டிக், அங்கே முழு பலத்தையும் காட்டாதீர்கள்.

பலர் மறப்பது ஏர்பாக்ஸ் அடியில் இருக்கும் வடிகால் துளையை. ஆற்றில் பாக்ஸ் மூழ்கினால் அந்த ஓட்டை வழியாகவே இன்ஜின் தண்ணீர் குடிக்கும். மேலே எவ்வளவு உயரமாகக் குழாய் வைத்தும் பயனில்லை. கழற்றக்கூடிய ரப்பர் அடைப்பான் போடுங்கள். சிலிக்கோனால் அடைத்துவிட்டால் தேங்கும் மழைநீரை வெளியேற்ற முடியாது.

மாட்டி முடித்ததும் சோதனை. இன்ஜின் ஐடிலில் ஓடட்டும். ரப்பர் ஒட்டிய பலகையால் ஸ்னார்க்கல் தலையை மூடுங்கள், கையை வைக்காதீர்கள். சில விநாடியில் திணறி நின்றால் இணைப்புகள் சரி. ஓடிக்கொண்டே இருந்தால் எங்கோ காற்று இழுக்கிறது, சீறல் சத்தம் கேட்கும் இடத்தில் தேடுங்கள். ஆக்சிலேட்டர் மிதித்து இதைச் செய்தால் ஹோஸ்தான் போகும்.

சேற்றுப் பாதையில் வரிசையாகப் போகும்போது முன் வண்டி டயர் வாரியடிக்கும் சேறு வாயை அடைக்கும், தலையைப் பின்பக்கம் திருப்பிக்கொள்ளலாம். வெயில் காலச் செம்பனைத் தோட்டச் செம்மண் தூசிக்கு, காற்றைச் சுழற்றித் தூசியைப் பிரிக்கும் சைக்லோன் கிண்ணம் நல்லது. பயணம் முடிந்ததும் ஏர்பாக்ஸைத் திறந்து பாருங்கள். நனைந்து உப்பிய காகித பில்டரைக் காயவைத்துத் திரும்பப் போடக் கூடாது. எண்ணெய் தடவும் பருத்தி பில்டரில் எண்ணெய் கூடினால் காற்றளவு சென்சாரில் படிந்து இழுவை குறையும்.

ஸ்னார்க்கல் வந்துவிட்டது என்பதற்காக டொயோட்டா சொன்ன 700 மி.மீ. ஆழம் கூடிவிடாது. அச்சு நடுவில் இருக்கும் பல்சக்கரப் பெட்டியான டிப்பரென்ஷியல் சூடாகக் குளிர்ந்த ஆற்றில் இறங்கினால் உள்ளே காற்று சுருங்கி, அதன் காற்றுத் துளையான பிரீதர் வழியாகத் தண்ணீரை இழுக்கும். அதன் எண்ணெய் தே தாரிக் பால் தேநீர் நிறத்துக்கு வந்தால் விஷயம் அதுதான். பிரீதர் குழாயை இன்ஜின் அறைக்கு உயர்த்துவதற்குச் செலவு சொற்பம், ஸ்னார்க்கலுக்கு முன்பே செய்ய வேண்டியது. 2021 டிசம்பரில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடா மூழ்கியதுபோன்ற வெள்ளத்துக்காக மட்டும் வாங்க நினைத்தால் வேண்டாம், வண்டியை மேட்டில் நிறுத்துங்கள்.

ஒருவேளை தண்ணீர் புகுந்து இன்ஜின் நின்றுவிட்டால் சாவியைத் தொடாதீர்கள். இழுத்து வந்து குளோ பிளக்குகளைக் கழற்றி, கையால் சுற்றித் தண்ணீரை வெளியேற்றிய பிறகுதான் ஸ்டார்ட்டர்.

மாட்டுக்கூலி பேசும்போது ஒரு மணி நேரத்தில் முடித்துத் தருகிறேன் என்று சொல்லும் போமனிடம் (மெக்கானிக்), வெட்டிய ஓரத்துக்குப் பிரைமர் எப்போது அடிப்பீர்கள் என்று கேளுங்கள். வெட்டி, ராவி, பிரைமர் காயவிட்டு மாட்ட அரை நாளாவது வேண்டும்.