கீறிய துருவோடு மூன்று மாரி: மாமாவின் டட்சன் 1200

மாமாவின் டட்சன் 1200 பிக்கப்பைத் திருத்தி, இன்னும் வட்டையில் (வயல்வெளியில்) ஓடிக்கொண்டிருப்பது போன்ற பழைய தோற்றத்தில், துருவைக்கூடப் பெயின்டாலேயே கீறி (வரைந்து) அடித்து, மூன்று மாரி கடந்துவிட்டது. அடித்த புதிதில் நிறையப் பேர் விபரம் கேட்டார்கள். அப்போது என்னிடம் காட்டுவதற்குப் படம் மட்டும்தான் இருந்தது. மழையும் கச்சான் காற்றும் உப்பும் அதை என்ன செய்யும் என்று தெரியாமல் எப்படிச் சொல்வது? இப்போது சொல்லலாம்.

வாகனத்தைப் பற்றி முதலில் சுருக்கமாக. 1171 சி.சி. ஏ12 எஞ்சின், நாலு கியர், பின்பக்கம் ஸ்பிரிங் பிளேட், அரை டன் பாரம். நடுவில் ஸ்ரீ எழுத்துள்ள பழைய இலக்கத் தகடு. முக்கியமான விஷயம், பெரிய பிக்கப்களைப் போல இதற்குத் தனிச் செசி (அடிச்சட்டகம்) கிடையாது. உடம்புத் தகடேதான் செசி. ஆகவே தளத்திலோ கதவுக்குக் கீழுள்ள பெட்டிக் குழலிலோ துரு பிடித்தால் அது பார்வைக் குறை இல்லை, வாகனத்தின் முள்ளந்தண்டே இற்றுப்போகிறது என்று அர்த்தம். எஞ்சின் வேலை சுலபம். காபரேட்டர், பிரேக், கிளட்ச் எல்லாம் தெரிந்த மெக்கானிக் யாரும் செய்துவிடுவார். நான் எழுத வந்தது தகடும் பெயின்டும் பற்றித்தான்.

மாமா மட்டக்களப்பில் கொக்கட்டிச்சோலைப் பக்கம் இந்த பிக்கப்பில் நெல் ஏற்றியவர். அவர் போன பிறகு வாகனம் வளவில் ஓலைக் கொட்டிலுக்குள் நின்றது. 2020 இல் இலங்கையில் வாகன இறக்குமதியை நிறுத்தியதும் பழசுகளுக்கெல்லாம் விலை ஏறியது. வாங்க ஆட்கள் மாமியிடம் வந்து போனார்கள். மாமி என்னைக் கூப்பிட்டுச் சொன்னது இதுதான்: "விக்கிறதெண்டா எப்பவோ வித்திருப்பன் மனே. நீ கொண்டுபோய் ஓடு."

கல்லடிக்குக் கொண்டுவந்து கழுவிப் பார்த்தபோதுதான் அந்த நீலத்தை முழுசாகக் கண்டேன். கூரையில் வெளுத்து வெள்ளை நீலம். பின்பெட்டியின் பக்கச் சுவர்களில் நெல் மூடை உரசி உரசி நீலம் போய், அடிப்பூச்சு போய், தகடு மழுங்கிப் பளபளத்தது. சாரதிப் பக்கக் கதவின் மேல் விளிம்பில், மாமா முழங்கை வைக்கும் இடத்தில், ஒரு சாண் நீளத்துக்குத் தோணி வடிவத்தில் ஒரு தேய்வு. அந்தத் தேய்வில் நான் கையை வைத்தால் என் முழங்கை அதற்குள் அடங்கிவிடுகிறது.

அந்த பெயின்டை அப்படியே வைத்துக்கொள்ளத்தான் ஆசை. முடியவில்லை. சுத்தியலின் பின்பக்கத்தால் தட்டிப் பார்த்ததில் தளம், இரண்டு பெட்டிக் குழல்கள், முன் கண்ணாடிக்குக் கீழ்த் தட்டு, மட்காட் ஓரங்கள் என்று பல இடங்கள் பொலபொலவென்று கொட்டின. வெட்டி ஒட்ட வேண்டும். ஒட்டினால் அந்தப் பகுதிக்குப் புதுப் பெயின்ட். பாதி பழசு, பாதி புதுசு என்றால் நன்றாக இருக்காது. முழுக்கப் புதுசாக மினுக்கினாலோ அது வேறு யாருடைய வாகனமோ ஆகிவிடும். அதனால் தேய்வுகளையெல்லாம் முதலில் பதிந்துகொண்டேன். எண்ணெய்த்தாளை விரித்து ஒட்டி, ஒவ்வொரு தேய்வின் ஓரத்தையும் பென்சிலால் கீறி எடுத்தேன். மொத்தம் பதினெட்டுத் தாள். படமும் எடுத்தேன், ஆனால் வேலைக்கு உதவியது தாள்தான். படத்தில் அளவு தெரியாது.

நிறத்துக்கு, கதவின் உள்பக்க அட்டையைக் கழற்றினோம். வெயிலே படாத அசல் நீலம் அங்கே இருந்தது. அதை வைத்துத்தான் கலவை பிடித்தார்கள். பதிவுப் புத்தகத்திலும் நீலம் என்றே இருப்பதால் நிறம் மாற்றும் அலுவல் எதுவும் வரவில்லை. வேறு நிறத்துக்குப் போகிறவர்கள் அந்தப் பதிவு வேலையை முதலிலேயே யோசித்துக்கொள்ளுங்கள்.

பெயின்ட் அடித்தவர் ஏறாவூர்க் காக்கா ஒருவர் (முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே காக்கா என்போம்). முப்பது வருடம் ஸ்ப்ரே கன் பிடித்த கை. விஷயத்தைச் சொன்னதும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "தம்பி, எல்லாரும் துருவ எடுக்கச் சொல்லித்தான் வாறாங்க. நீங்க துருவக் கீறச் சொல்றீங்க. கீறலாம். ஆனா ஒரு சொல்லு, நிசத் துரு ஒரு பொட்டும் உள்ள இருக்கப்படாது. சரியா?"

அந்த ஒரு சொல்லுக்காகத்தான் இவ்வளவையும் எழுதுகிறேன். வீடியோக்களில் வேறு வழி காட்டுகிறார்கள். வெறும் தகட்டில் வினாகிரியும் உப்பும் தெளித்து, ஒரு நாளில் நிசமான துரு வரவைத்து, மேலே கிளியர் (நிறமில்லாத மேல்பூச்சு) அடித்து மூடுவது. மழை குறைந்த வறண்ட நாடுகளில் அது கொஞ்சக் காலம் நிற்கலாம். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி இருக்கும் எழுவான்கரையில் அது வாகனத்தை உயிரோடு புதைப்பது போல. துரு ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும். அதற்குள் உப்பு சிக்கினால் கிளியருக்கு அடியிலேயே வேலை நடக்கும், கொப்பளம் வெடித்த பிறகுதான் நமக்குத் தெரியும். சந்தேகம் தீர ஒரு பழைய தகட்டில் செய்து வீட்டு மதிலில் சாய்த்து வைத்தேன். வாடைக்காற்று முடிவதற்குள் கிளியர் தோல் போல உரிந்து வந்துவிட்டது.

அதனால் எங்கள் துரு முழுக்க முழுக்கப் பெயின்ட். தகட்டைச் சுரண்டி இரும்பு நிறத்துக்குக் கொண்டுவந்து, குழிகளுக்குள் மிச்சமிருந்ததை பொஸ்போரிக் அசிட்டால் துடைத்துக் கழுவிக் காயவிட்டு, சாம்பல் நிற எபொக்சி பிரைமர் (தகட்டைக் காக்கும் அடிப்பூச்சு) இரண்டு கை. தகட்டு மூட்டுகளுக்கு சீலன்ட். புட்டி மெல்லிசாக, எபொக்சிக்கு மேல்தான். அதற்கு மேல் துரு வர வேண்டிய இடங்களில் மட்டும் கபிலமும் செம்மஞ்சளும். அதற்கும் மேல் நீலம். கூரைக்கும் பொனட்டுக்கும் வெள்ளை கூடிய நீலத்தைத் தூரத்தில் நின்று புகை போலத் தூவினார். வெயில் வெளுப்பு அப்படியே வந்தது.

மறுகாதான் தேய்ப்பு. எண்ணெய்த்தாள்களை அந்தந்த இடத்தில் வைத்துக் கோடு மாற்றி, 800 இலக்கத் தாளைத் தண்ணீரில் நனைத்து நானே தேய்த்தேன். நீலம் மெல்ல மெல்லக் கரைந்து கபிலம் எட்டிப் பார்க்கும். அந்த இடத்தில் கையை நிறுத்த வேண்டும். முழங்கைத் தேய்வில் மட்டும் சாம்பல் எபொக்சி தெரியும்வரை போனோம். பார்ப்பவர்கள் அதை இரும்பு என்றே நினைக்கிறார்கள். இரும்பு இல்லை, அதற்கு மேலே எபொக்சி அப்படியே இருக்கிறது. துருவின் ஓரம் சீராக இருந்தால் பொய் தெரியும் என்று காக்கா ஒரு கைப்பிடி தேங்காய்த் தும்பை உருட்டி, கபிலத்தில் தொட்டு, துணியில் ஒற்றி, பிறகு தகட்டில் ஒற்றினார். ஸ்பொஞ்சில் ஒரே மாதிரி வட்டம் வட்டமாக விழுகிறது. தும்பில் ஒவ்வொரு ஒற்றும் ஒவ்வொரு விதம். நிசத் துருவின் பொரிப் பொரியான ஓரம் எனக்குத் தும்பில்தான் வந்தது.

இந்த வேலை நடந்தது 2022 இன் நடுப்பகுதியில். எரிபொருள் வரிசைக் காலம், கராஜில் வேறு வேலை இல்லை, நேரம் தாராளமாகக் கிடைத்தது. ஆனால் மின்வெட்டு. ஹார்ட்னர் கலந்த பெயின்ட் காத்திருக்காது, கலத்துக்குள்ளேயே இறுகிவிடும். ஒரு நாள் பொனட்டுக்குக் கிளியர் கலந்து பாதி அடித்தபோது கொம்பிரசர் நின்றது. மிச்சம் வீண், பொனட்டைத் தேய்த்து மறுபடி அடிக்க வேண்டியதாயிற்று. அதன் பிறகு விடியற்காலையில்தான் அடித்தோம். கச்சான் எழும்பிப் புழுதி வருவதற்குள் முடித்துவிடலாம். ஹார்ட்னரில் ஐசோசயனேட் இருக்கிறது, நுரையீரலுக்குக் கூடாது. துணி கட்டிக்கொண்டு அடிக்கும் பழக்கத்தை விட்டு, வடிகட்டி போட்ட முகமூடி வாங்கிக் கொடுங்கள். செலவோடு செலவாக அதைச் சேர்த்துக்கொள்வது பெயின்ட் அடிக்கும் பாஸுக்கு நாம் செய்யும் மரியாதை.

கடைசியில் மினுக்கமில்லாத மெற் கிளியர். இப்போது செய்தால் அரை மினுக்கம்தான் கேட்பேன். முழு மெற்றில் ஒரு குறை இருக்கிறது. அதன் மேற்பரப்பு மிக நுண்ணிய சொரசொரப்பு, அதனால்தான் வெளிச்சம் சிதறி மினுக்கம் இல்லாமல் தெரிகிறது. ஓயாமல் உரசும் இடங்களில் அந்தச் சொரசொரப்பு மழுங்கி மினுங்கத் தொடங்கும். என் பொனட்டின் முன் விளிம்பில் நான் சாய்ந்து ஒயில் பார்க்கும் இடம் ஒரு வருடத்திலேயே மினுங்கிவிட்டது. பொலிஷ் போட்டு எதையும் சரிசெய்ய முடியாது. பொலிஷ் பட்டால் இன்னும் மினுங்கும்.

அதைப் பட்டுத்தான் அறிந்தேன். 2023 இல் ஒரு சர்விஸ் நிலையத்தில் கழுவ விட்டேன். நான் திரும்பி வரும்போது நல்ல எண்ணத்தில் கூரைக்கும் கதவுகளுக்கும் வெக்ஸ் பூசித் தேய்த்து வைத்திருந்தார்கள். திட்டுத் திட்டாக எண்ணெய் வழிந்தது போல இருந்தது. வெக்ஸ் எடுக்கும் திரவத்தால் மூன்று தடவை துடைத்து ஓரளவு போக்கினேன். இடது கதவில் சரிந்த வெயிலில் பார்த்தால் இன்றும் தெரிகிறது. அன்று முதல் நானேதான் கழுவுகிறேன். மென்மையான ஷாம்பு, நிறையத் தண்ணீர், பருத்தித் துணி, அழுத்தாமல். காக எச்சத்தை அன்றன்றே எடுத்துவிடுவேன்.

சரி, துருவுக்கு வருகிறேன்.

கீறிய துரு இந்த மூன்று வருடத்தில் நிறம் மாறவில்லை, உரியவில்லை, கொப்பளிக்கவில்லை. ஒரு இடம் தவிர. 2024 நவம்பர் வெள்ளத்துக்குப் பிறகு இடது பக்கக் கால்விரிப்பு காயாமலே இருந்தது. கதவு ரப்பர் என்று நினைத்தேன், மாற்றினேன், பிறகும் ஈரம். தை மாதம் ஒரு நாள் முன் கண்ணாடிக்குக் கீழே, நாங்கள் கீறியிருந்த துருத் திட்டின் மேல் தற்செயலாக விரலை ஓட்டினேன். மேல்பாதி வழுவழுப்பு. கீழே வரும்போது விரல் தடக்கியது. விரல் நுனியைத் திருப்பிப் பார்த்தால் கபிலப் பொடி.

பெயின்ட் துருவுக்கு நடுவில் நிசத் துரு வந்து உட்கார்ந்திருக்கிறது. வெல்டிங் மூட்டில் சீலன்ட் விட்டுப்போன ஊசித்துளை. எத்தனை மாதமாக இருந்ததோ, தினமும் பார்த்துக்கொண்டுதான் ஓடினேன். மினுக்கமான வாகனத்தில் என்றால் முதல் வாரமே ஒரு செம்புள்ளி கண்ணில் குத்தியிருக்கும். இதில் கண் அதைத் தன் வேலை என்று நினைத்துத் தாண்டிப் போய்விட்டது. இந்த பெயின்டின் பெரிய ஆபத்து இதுதான், இதை யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை.

இப்போது ஒவ்வொரு திட்டையும் கிட்டத்தில் படமெடுத்து எண் போட்டு வைத்திருக்கிறேன். மாதத்துக்கு ஒருமுறை கழுவிக் காய்ந்த பிறகு விரலால் தடவிப் பார்ப்பேன். கண்ணை நம்புவதில்லை. சொரசொரத்தால் படத்தோடு ஒப்பிடுவேன். ஒரு மணித்தியாலம்கூட ஆகாது.

காக்காவிடம் கொண்டுபோனேன். உள்ளங்கை அளவு வெட்டி, புதுத்தகடு வைத்து, மறுபடி எபொக்சியிலிருந்து தொடங்கினார். இங்கே இந்த பெயின்டின் நன்மையையும் சொல்ல வேண்டும். சாதாரண பெயின்ட் என்றால் அந்த ஒட்டுக்காக முழுத் தட்டையும் அடித்து நிறம் பொருத்த வேண்டும். இதில் தும்பை ஒற்றி, நீலத்தைத் தூவி, ஓரத்தைத் தேய்த்து, ஒரு பின்னேரத்தில் முடிந்தது. ஒட்டு எங்கே என்று எனக்கே இப்போது படம் பார்த்துத்தான் தெரிகிறது.

வெள்ளத்தில் இன்னொன்றும் கற்றேன். கதவின் அடியில் தண்ணீர் வடிய ஓட்டைகள் இருக்கும். நெல் ஏற்றும் வாகனத்தில் பதர் போய் அவற்றை அடைத்துவிடும். கம்பி விட்டுக் குத்தியபோது இரண்டு கதவிலிருந்தும் முளைத்த நெல்லோடு தண்ணீர் வந்தது. பெட்டிக் குழல்களுக்குள் வருடம் ஒருமுறை, புரட்டாசியில், கிரீஸையும் எண்ணெயையும் இளக்கிக் குழாய் வைத்துத் தெளிக்கிறேன். வடிந்து முற்றத்தில் சொட்டும், இரண்டு நாள் அட்டை விரித்து வைக்க வேண்டும்.

செலவு கேட்பவர்களுக்கு: பெயின்டை விட டிங்கர் வேலைக்கே (தகடு வெட்டி ஒட்டுவதற்கே) கூடப் போனது, அப்படித்தான் போகவும் வேண்டும். துருவைக் கீறிவிட்டால் டிங்கர் வேலையைக் குறைக்கலாம் என்று யாராவது சொன்னால் அந்த கராஜை விட்டு வந்துவிடுங்கள். காப்புறுதிக்கு மதிப்பிட வந்தவர் "பொடி துரு", அதாவது வாகனத்தின் உடம்பில் துரு, என்று எழுதப் போனார். வெட்டும்போது, எபொக்சி அடித்தபோது எடுத்த படங்களைக் காட்டிய பிறகுதான் மாற்றினார். ஒவ்வொரு கட்டத்தையும் படமெடுத்து வைத்திருங்கள்.

வாகனத்தை நான் காட்சிக்கு வைக்கவில்லை. போன சிறுபோக அறுவடைக்கும் மண்முனைப் பாலத்தால் போய் மாமியின் நெல் ஏழு மூடை ஏற்றி வந்தேன். இறக்கும்போது கவனித்தேன். பின்கதவின் மேல் விளிம்பில், நாங்கள் கீறிய தேய்வுக்கு அரைச் சாண் தள்ளி, மூடை உரசிக் கிளியர் போய் நீலமும் மெலிந்திருக்கிறது. தடவிப் பார்த்தேன், வழுவழுப்பு, எபொக்சி முழுசாக இருக்கிறது. அதற்கு டச்-அப் செய்யவில்லை. பத்தொன்பதாம் எண் போட்டுப் படம் எடுத்து வைத்திருக்கிறேன்.