குளியல் தொட்டியில் யுசு: பழமா, வில்லையா, எண்ணெயா, மிகான் தோலா?

டிசம்பர் மூன்றாவது வாரம் டோக்கியோவில் எந்த சூப்பர் மார்க்கெட்டுக்குப் போனாலும் காய்கறிப் பக்கத்தில் பரங்கித் துண்டும் யுசு என்ற எலுமிச்சை இனப் பழமும் அக்கம்பக்கமாக அடுக்கியிருப்பார்கள். வருடத்திலேயே பகல் மிகக் குறுகிய நாளுக்கு தோஜி என்று பெயர். 21 அல்லது 22ஆம் தேதி வரும். அன்றைக்குப் பரங்கியைச் சாப்பிட வேண்டும், யுசுவை வெந்நீர்த் தொட்டியில் மிதக்கவிட்டு அதில் உட்கார வேண்டும். எடோ காலத்தில் (17 முதல் 19ஆம் நூற்றாண்டு வரை) பொதுக் குளியலகங்களான சென்தோக்களில் பரவிய பழக்கம் இது. இதில் ஒரு சொல் விளையாட்டும் உண்டு. தோஜி என்ற அதே ஒலிக்கு, நோய் தீர வெந்நீர் ஊற்றில் தங்கிக் குளிப்பது என்றும் பொருள்.

யுசு சாப்பிடுகிற பழம் இல்லை. சின்ன சாத்துக்குடி அளவு, மேடு பள்ளமான தோல், உள்ளே பாதி விதை, சாறு கொஞ்சம். உயிரெல்லாம் தோலில்தான். நாரத்தங்காய்த் தோலை நகத்தால் கீறினால் வருமே, அந்தக் காரத்தோடு கமலா ஆரஞ்சின் இனிப்பைச் சேர்த்து, அதன் மேல் ஏதோ ஒரு பூவை வைத்தது போல ஒரு மணம். நாடு முழுக்க விளைவதில் ஏறக்குறையப் பாதி ஷிகோகு தீவின் கோச்சி மாகாணத்தில் இருந்து வருகிறது. பீச்சும் கஷ்கொட்டையும் மூன்று வருடம், பெர்சிமன் எட்டு வருடம், முழு முட்டாள் யுசுவுக்குப் பதினெட்டு வருடம் என்று காய்ப்பு பற்றி ஒரு பழமொழி சொல்வார்கள். இப்போது முள் நாரத்தை இனமான கராதாச்சியில் ஒட்டுக்கட்டி நடுவதால் சில வருடங்களிலேயே காய்த்துவிடுகிறது. முட்டாள் பட்டம் மட்டும் போகவில்லை.

சரி, இந்த மணத்தை வீட்டுக்குள் கொண்டுவர என்னென்ன வழி? முழுப் பழம், கடையில் விற்கும் குளியல் வில்லை, சின்னப் புட்டியில் வரும் எண்ணெய். அப்புறம் யுசுவே இல்லாத ஒரு வழி: உரித்துப்போட்ட மிகான், அதாவது ஜப்பானியக் கமலா ஆரஞ்சின் தோல். நான்கையும் நான்கு குளிர்காலமாக மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டேன்.

முதலில் பழம். தோஜி சமயத்தில் ஒன்று 100 முதல் 200 யென் வரை. வீட்டுத் தொட்டியில் ஏறத்தாழ 200 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். மணம் தெரிய வேண்டுமானால் ஐந்தாறு பழமாவது போட வேண்டும். ஒரு குளியலுக்கு ஆயிரம் யென் என்றால் சும்மா இல்லை. முழுதாக மிதக்கவிட்டால் பார்க்க அழகாக இருக்கும், மணம் வருவது குறைவு. தோலில் நாலு கீறல் போட்டால் நன்றாக வரும். வட்ட வட்டமாக நறுக்கிப் போட்டால் இன்னும் அதிகம் வருமே என்று முதல் வருடம் நினைத்தேன். பத்து நிமிடத்தில் முழங்கைக்கும் தொடைக்கும் சுரீர் என்று பிடித்துக்கொண்டது. தோலிலிருக்கும் எண்ணெயும் பழத்தின் அமிலமும் வெந்நீரில் ஊறிய சருமத்தைச் சீண்டும், வறண்ட சருமத்தை இன்னும் கூடுதலாக. போதாததற்கு, தண்ணீரைத் திரும்பச் சூடாக்கும் குழாயின் வடிகட்டியில் சக்கையும் விதையும் போய் அடைத்துக்கொண்டன. பக்கத்து வீட்டுப் பாட்டி சிரித்துக்கொண்டே, துணி துவைக்கும் வலைப்பையில் பழத்தைப் போட்டுக் கட்டித் தொங்கவிடு என்றார். அதன் பிறகு பிரச்சினை இல்லை.

ஜப்பானியக் குளியலின் முறையைத் தெரிந்துகொண்டால்தான் இந்த ஒப்பீடு புரியும். சோப்பு போட்டுத் தேய்த்துக் குளிப்பதெல்லாம் தொட்டிக்கு வெளியே. உடம்பு சுத்தமான பிறகுதான் 40 டிகிரி வெந்நீரில் இறங்கி உட்கார்வது. வீட்டில் நாலு பேர் இருந்தால் நாலு பேருக்கும் அதே தண்ணீர்தான். பல வீடுகளில் மறுநாள் காலை மிச்சத் தண்ணீரைச் சின்ன பம்பு வைத்துத் துவைக்கும் இயந்திரத்துக்கு இழுத்துக்கொள்கிறார்கள். ஆக, தண்ணீரில் எதைக் கலந்தாலும் அடுத்தவர் உடம்பையும் நாளைய சட்டையையும் யோசித்தாக வேண்டும்.

அந்த யோசனையில் ஜெயிப்பது குளியல் வில்லை. தண்ணீரில் கலக்கும் பொடிக்கு இங்கே நீண்ட வரலாறு உண்டு. பாஸ்குரின் என்ற பொடி 1930இல் வந்தது. கார்பன் டை ஆக்சைடு நுரைத்து எழும் பாபு வில்லை 1983இல் வந்தது. அதில் யுசு மணமும் உண்டு. ஒரு வில்லை சுமார் 30 யென். போட்டால் சுர்ரென்று கரைகிறது, தண்ணீர் மஞ்சளாகிறது, வெளியே வந்த பிறகும் உடம்பு கதகதப்பாக இருக்கிறது. சூட்டைத் தக்கவைப்பதில் வில்லையை நான் குறை சொல்லமாட்டேன். மணம்தான் எனக்கு ஒத்துவரவில்லை. முதல் மூச்சில் யுசு, மூன்றாவது மூச்சில் மிட்டாய்.

இதற்கு வேதியியலில் ஒரு காரணம் இருக்கிறது. யுசுத் தோல் எண்ணெயில் பெரும்பங்கு லிமோனீன். அது எலுமிச்சையிலும் ஆரஞ்சிலும் உண்டு, தரை துடைக்கும் திரவத்திலும் உண்டு. யுசுவை யுசு ஆக்குவது மிகக் கொஞ்சமாக இருக்கும் மற்ற சேர்மங்கள். அவற்றில் ஒன்றை 2009இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அடையாளம் கண்டு யுசுனோன் என்று பெயர் வைத்தார்கள். மூக்கு தேடுவது இந்தச் சில்லறைகளைத்தான். பழத்தில் அவை தோலுக்குள் பூட்டிக் கிடக்கின்றன, கீறும்போது வெளியே வருகின்றன.

அப்படியானால் எண்ணெய்தானே சரியான வழி? வாசனையில், ஆமாம். சாறு பிழிந்த பிறகு மிஞ்சும் தோலிலிருந்து எடுப்பது. 5 மில்லி புட்டி ஒன்று இரண்டாயிரம் யென்னை ஒட்டி வரும். வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். பிழிந்து எடுத்தது பழத்துக்கு நெருக்கமாக இருக்கும். நீராவியில் வடித்தது கொஞ்சம் தட்டையாக, ஆனால் சுத்தமாக இருக்கும். பிழிந்தெடுத்த சிட்ரஸ் எண்ணெய் சிலவற்றில் ஃபுரோகூமரின் என்ற பொருள் இருக்கிறது. அது சருமத்தில் இருக்கும்போது வெயில் பட்டால் புண்ணாகும். பெர்கமோட் என்ற சிட்ரஸ் இதில் பெயர் போனது. அதனால் எந்தச் சிட்ரஸ் எண்ணெயையும் நேரடியாக உடம்பில் பூசும் ஆசை வேண்டாம்.

தொட்டியில் விடுவதும் வேண்டாம். எண்ணெய் தண்ணீரில் கரையாது, மேலே படலமாக மிதந்து உடம்பில் அப்படியே ஒட்டும். உப்பில் கலந்து விட்டால் சரியாகிவிடும் என்பார்கள். உப்பு கரைந்துவிடும், எண்ணெய் மறுபடி மேலே வந்துவிடும். பழத்தின் சுரீரை இரண்டு மடங்காக்கி அனுபவிக்க வேண்டுமானால் செய்யலாம்.

எண்ணெயின் இடம் அறைதான். எண்ணெயை உறிஞ்சும் வாசனைக் கல்லில் இரண்டு சொட்டு விட்டு மேசையில் வைத்தால் போதும். ஒரு மணி நேரத்தில் பறந்துவிடும், சிட்ரஸின் சுபாவம் அது. இங்கேதான் ஹினோக்கி என்ற ஜப்பானிய சைப்ரஸ் மரத்தின் எண்ணெய் நல்ல கூட்டாளி. அது கனமானது, மெதுவாக ஆவியாகும். யுசு இரண்டு சொட்டுக்கு ஹினோக்கி ஒரு சொட்டு என்று விட்டால், யுசு போன பிறகும் அறை வெறுமையாகத் தோன்றாது. புட்டியைத் திறந்து ரொம்ப நாள் வைக்காதீர்கள். காற்றுபட்ட லிமோனீன் சருமத்துக்கு ஒவ்வாமை உண்டாக்கும். நான் குளிர்பெட்டியில் வைக்கிறேன். வீட்டில் பூனை இருந்தால் இந்தப் பத்தியையே மறந்துவிடுங்கள், சிட்ரஸ் எண்ணெயைச் செரித்து வெளியேற்றும் திறன் அதன் ஈரலுக்குக் குறைவு.

யுசு விதையை ஷோச்சு என்ற ஜப்பானியச் சாராயத்தில் ஊறவைத்து முகத்துக்கு நீர் செய்யும் பழக்கமும் இருக்கிறது. விதையைச் சுற்றியுள்ள பெக்டின் கூழாகப் பிரிந்து வழுவழுப்பைத் தரும். செய்து பார்த்தேன். மணம் இல்லை, சாராயம் எரிந்தது. கோச்சியின் உமாஜி கிராமத்துக் கூட்டுறவு விதையிலிருந்து எண்ணெய் எடுத்து அழகுப்பொருள் செய்கிறது; இதை அவர்களிடம் விட்டுவிடுவது நல்லது.

யுசுவின் உறவுக்காரப் பழங்களான சுதாச்சியும் கபோசுவும் போட்டிக்கு வருமா என்று கேட்டால், வராது. தொகுஷிமாவின் சுதாச்சி, ஓயிதாவின் கபோசு இரண்டும் பச்சையிலேயே பறித்து மீன் மேல் பிழிய உள்ளவை. அவற்றைக் குளியலில் போடுவது எனக்கு நெய்யை விளக்குக்கு ஊற்றுவது மாதிரி இல்லை, ரசத்தை வாளியில் கொட்டுவது மாதிரி.

கடைசியாக மிகான் தோல். குளிர்காலம் முழுக்க அடியில் சூடேற்றி மேலே போர்வை போட்ட கொத்தாத்சு மேசையில் கால் நீட்டி உட்கார்ந்து மிகானை உரித்துத் தின்பார்கள். தோல் மலை மாதிரி சேரும். அதை மூங்கில் தட்டில் பரப்பி ஒரு வாரம் காயவைத்து, ஐந்தாறு பழத்தின் தோலை வலைப்பையில் போட்டுத் தொட்டியில் விட்டால் மிகான் குளியல். செலவு பூஜ்யம். பச்சைத் தோலைவிடக் காய்ந்தது சருமத்தைக் குறைவாகவே சீண்டும். நன்றாகக் காய்ந்து நாளானதற்கு சின்பி என்று பெயர், கான்போ என்ற ஜப்பானிய மூலிகை மருந்திலும் ஷிச்சிமி என்ற மசாலாப் பொடியிலும் சேர்ப்பது. மணம் யுசு அளவுக்கு மூக்கில் ஏறாது. கொஞ்சம் மண், கொஞ்சம் தேன், பழைய அலமாரியைத் திறந்தது போல. முதல் நாள் எனக்கு ஏமாற்றமாக இருந்தது. பத்தாவது நாள் அதுதான் பிடித்திருந்தது. யுசு வீட்டுக்கு வரும் விருந்தாளி, தினமும் வந்தால் நமக்கே அலுக்கும்.

ஷிசுவோகாவின் இசு ஷாபோதென் பூங்காவில் காபிபாரா என்ற பெரிய கொறித்துண்ணிகளுக்கு வெந்நீர்க் குளியல் 1982இல் தொடங்கியது. டிசம்பரில் அவற்றுக்கும் யுசு மிதக்கவிடுகிறார்கள். தலையில் ஒரு பழத்தை வைத்துக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருக்கும் அந்தப் பிராணி, யுசுவை எப்படிப் பயன்படுத்துவது என்பதில் என்னைவிடத் தெளிவாக இருக்கிறது.

எங்கள் வீட்டில் இப்போதைய ஏற்பாடு இதுதான். தோஜி இரவுக்கு மட்டும் ஆறு பழம், கீறல் போட்டு, வலைப்பையில். எழுதும் மேசைக்கு யுசுவும் ஹினோக்கியும். மற்ற நாளுக்கு மிகான் தோல். இந்த வாரத்துக்கானது ஜன்னலோரம் காய்ந்துகொண்டிருக்கிறது. வில்லை டப்பாவில் இன்னும் பதினொன்று மிச்சம், ஊரிலிருந்து யாராவது வந்தால் கொடுக்கலாம் என்று வைத்திருக்கிறேன்.