பினாங்கிலிருந்து ஹட்யாய்: ரயிலா, வேனா, இரவுப் பேருந்தா?

பினாங்கிலிருந்து தென் தாய்லாந்தின் ஹட்யாய் நகருக்குத் தரைவழியாகப் போக விரும்புவோர் பெரும்பாலும் இரண்டு வழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஒன்று, பட்டர்வொர்த்திலிருந்து எல்லை ஊரான பாடாங் பெசார் வரை மலேசிய ரயிலிலும் அங்கிருந்து தாய்லாந்து ரயிலிலும் செல்வது. மற்றொன்று, ஜார்ஜ்டவுனில் வேன் ஏறி மலேசியப் பக்கத்துப் புக்கிட் காயு ஹீத்தாம், தாய்லாந்துப் பக்கத்துச் சடாவ் ஆகிய எல்லைச் சாவடிகள் வழியாகச் செல்வது. கோலாலம்பூரிலிருந்து வருவோருக்கு இரவுப் பேருந்தும் உண்டு. இவற்றை ஒப்பிடுகிறவர்கள் கட்டணத்தையும் நேரத்தையும் வைத்தே பேசி முடித்துவிடுகிறார்கள். பாதுகாப்பு என்று வரும்போது பேச்சு உடனே தென் தாய்லாந்துக் கிளர்ச்சியின் குண்டுவெடிப்புகளுக்குத் தாவிவிடுகிறது; ஆனால் பயணியின் உயிருக்கு அன்றாடம் இருக்கும் ஆபத்து சாலையிலும் ஓட்டுநரின் தூக்கமின்மையிலும்தான் இருக்கிறது என்பது என் கருத்து.

உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2021இல் தாய்லாந்தில் லட்சம் பேருக்குச் சுமார் 25 பேர் சாலை விபத்துகளில் இறந்தனர். ஆசியாவிலேயே மிக அதிகமான விகிதங்களுள் இதுவும் ஒன்று. 2017 ஜனவரி 2 அன்று சோன்புரி மாகாணத்தில் பயணிகள் வேன் ஒன்று எதிர்ப்புறம் பாய்ந்து பிக்கப் வண்டியில் மோதித் தீப்பற்றியதில் 25 பேர் மாண்டனர். ஓட்டுநர் போதிய ஓய்வில்லாமல் அடுத்தடுத்துப் பயணங்களை ஓட்டியிருந்தார் என்ற செய்தி அப்போது பெரிதாகப் பேசப்பட்டது. மலேசியப் பக்கமும் நிம்மதியாக இருந்துவிட முடியாது. 2025 ஜூன் 9 அன்று, நள்ளிரவு தாண்டிய வேளையில், கெரிக் அருகே கிழக்கு–மேற்கு நெடுஞ்சாலையில் பேருந்து கவிழ்ந்து 15 பல்கலைக்கழக மாணவர்கள் உயிரிழந்தனர். அதற்கு அடுத்த மாதமே விரைவுப் பேருந்துகளிலும் சுற்றுலாப் பேருந்துகளிலும் இருக்கைப் பட்டை அணிவது அங்கே கட்டாயமாக்கப்பட்டது. எனவே மூன்று வழிகளில் இரவுப் பேருந்தை நான் முதலிலேயே ஒதுக்கிவிடுகிறேன். ஓர் இரவு விடுதிச் செலவு மிச்சமாகிறது என்பதைத் தவிர அதற்குச் சாதகமாகச் சொல்ல அதிகம் இல்லை.

ஆக, போட்டி ரயிலுக்கும் பகல்நேர வேனுக்கும் இடையில்தான். வேனின் பலம் வெளிப்படையானது: விடுதி வாசலில் ஏற்றிக்கொண்டு மூன்று, நான்கு மணி நேரத்தில் ஹட்யாய் நகருக்குள் இறக்கிவிடும், படகும் இல்லை, வண்டி மாறுவதும் இல்லை. முதியவர்களோடும் கனத்த பெட்டிகளோடும் செல்லும் குடும்பத்துக்கு இது சிறிய வசதியன்று. ஆனால் அன்று வரும் வண்டி எது, ஓட்டுநர் யார், முந்தைய இரவு அவர் எத்தனை மணி நேரம் தூங்கினார் என்பதெல்லாம் பயணிக்குத் தெரியாது. சீட்டு விற்ற முகவருக்கும் பல சமயம் தெரிந்திருக்காது. எல்லையில் வரிசை நீண்டுவிட்டால், அங்கே இழந்த நேரத்தை ஓட்டுநர் சடாவைத் தாண்டியதும் சாலையில் மீட்கப் பார்ப்பார். என்னைப் பொறுத்தவரை வேன் பயணத்தின் மிக மோசமான பகுதி அதுதான். பின்வரிசை இருக்கைகளில் பட்டை இருக்கிறதா, அது பூட்டுகிறதா என்று ஏறியவுடனே இழுத்துப் பார்க்க வேண்டும். இல்லையென்றால் இடம் மாற்றித் தரக் கேட்பதில் கூச்சம் தேவையில்லை. உரிமமின்றி ஓடும் கெரெத்தா சாப்பு வண்டிகளைப் பற்றி ஒரு வரி போதும்: விபத்து நேர்ந்தால் இழப்பீடு கிடைக்கும் என்று நம்ப இடமில்லை, ஏறாதீர்கள்.

ரயில் வழியில் முதலில் ஜார்ஜ்டவுனிலிருந்து படகில் பட்டர்வொர்த் செல்ல வேண்டும். அங்கிருந்து கொமுட்டர் ரயில் சுமார் இரண்டு மணி நேரத்தில் பாடாங் பெசாரை அடைகிறது. இந்த நிலையத்தின் சிறப்பு, மலேசியக் குடிநுழைவுச் சோதனையும் தாய்லாந்துக் குடிநுழைவுச் சோதனையும் ஒரே கட்டடத்துக்குள் நடப்பதுதான். ஒரு முகப்பில் வெளியேறும் முத்திரை, சில அடிகள் தள்ளி அடுத்த முகப்பில் நுழையும் முத்திரை. கடவுச்சீட்டு உங்கள் கையை விட்டு அதிகாரியின் கைக்கு மட்டுமே போகிறது. இடையில் முகவரோ ஓட்டுநரோ அதை வாங்கி வைத்துக்கொள்வதில்லை. அதன்பின் ஹட்யாய்க்கு 45 கிலோமீட்டர், ஏறத்தாழ ஒரு மணி நேரம்.

குறை இல்லாமலில்லை. தாய்லாந்துப் பக்கத்து ரயில்கள் நாளொன்றுக்கு மிகச் சிலவே. பாங்காக்கிலிருந்து முன்பு பட்டர்வொர்த் வரை வந்துகொண்டிருந்த விரைவு ரயிலும் 2016ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து பாடாங் பெசாரோடு நின்றுவிடுகிறது. தாய்லாந்து நேரம் மலேசிய நேரத்துக்கு ஒரு மணி பின்தங்கியது என்பதால், சீட்டில் அச்சிட்ட நேரம் எந்த நாட்டுடையது என்று கேட்டு உறுதிசெய்துகொள்வது அவசியம். இணைப்பைத் தவறவிட்டால் மணிக்கணக்கில் நடைமேடையில் உட்கார்ந்திருக்க நேரிடும்.

இந்தப் பாதையை வன்முறை தொடவே இல்லை என்றும் சொல்வதற்கில்லை. 2022 டிசம்பரில் சடாவ் மாவட்டத்தில் இதே தடத்தில் சென்ற சரக்கு ரயில் ஒன்று குண்டுவெடிப்பில் தடம் புரண்டது; சில நாள்களில் அதைச் சீரமைக்கச் சென்ற ரயில்வே ஊழியர் மூவர் இன்னொரு குண்டுக்குப் பலியாயினர். ஆனால் ஹட்யாய் நகரமும் 2012இல் விடுதி வாகன நிறுத்தத்தில் வெடித்த குண்டைக் கண்டதுதான். எனவே குண்டு அச்சத்தை மட்டும் வைத்து ரயிலைத் தள்ளி வேனை ஏற்பதில் பொருளில்லை. கவனிக்க வேண்டியது வேறொன்று: பிரிட்டன் வெளியுறவுத் துறையின் பயண அறிவுரை, ஹட்யாய்–பாடாங் பெசார் ரயில் பாதையையும் அதற்குத் தெற்கேயுள்ள சொங்க்லா மாகாணப் பகுதியையும், அவசியமின்றிச் செல்லக் கூடாதவையாகக் குறிப்பிட்டு வந்துள்ளது. வேன் செல்லும் சடாவ் அந்தக் கோட்டுக்குத் தென்கிழக்கே கிடக்கிறது. உங்கள் பயணக் காப்பீடு எந்த நாட்டு அறிவுரையைப் பின்பற்றுகிறது என்பதை வாசித்துப் பாருங்கள். மருத்துவமனைச் செலவு கிடைக்குமா கிடைக்காதா என்பதை அந்த ஒரு வரியே தீர்மானித்துவிடக்கூடும்.

கிளாந்தானின் ரந்தாவ் பாஞ்சாங்கிலிருந்து சுங்கை கோலோக் கடந்து, நராதிவாட், யாலா வழியே ரயிலில் ஹட்யாய் வருவது நான்காவது வழி. கட்டணம் மலிவு, காட்சிகளும் அழகு. ஆனால் 2004 முதல் கிளர்ச்சி தொடரும் மாகாணங்களின் நடுவே அது செல்வதால் இந்த ஒப்பீட்டில் அதைச் சேர்க்கவில்லை.

என் தெரிவு காலை ரயில். முதியவர்கள் உடன் இருந்தால், இருட்டுவதற்குள் ஹட்யாய் சேரும் வேன். இரண்டில் எதுவானாலும் தாய்லாந்தின் மின்னணு வருகை அட்டையை அந்நாட்டுக் குடிநுழைவுத் துறையின் அதிகாரபூர்வத் தளத்தில் முன்கூட்டியே நிரப்புங்கள். 2025 மே முதல் நடைமுறையில் உள்ள அந்த அட்டைக்குக் கட்டணம் கிடையாது. அதை நிரப்பித் தருகிறோம் என்று எல்லையில் பணம் கேட்போருக்கு நின்று பதில் சொல்ல வேண்டியதில்லை. நவம்பர், டிசம்பர் மாதங்களில் மட்டும் சீட்டு வாங்குமுன் வானிலையைப் பாருங்கள். 2025 நவம்பர் வெள்ளத்தில் ஹட்யாய் நகரமே மூழ்கி, மலேசியச் சுற்றுலாப் பயணிகள் ஆயிரக்கணக்கில் விடுதிகளில் சிக்கிக்கொண்டனர். அப்படியொரு எச்சரிக்கை வந்துவிட்டால் ரயிலா, வேனா என்ற கேள்வியையே அடுத்த வாரத்துக்கு ஒத்திவைக்க வேண்டியதுதான்.