பிஎல்டிசி சீலிங் ஃபேன்: எந்த அறையில் மாட்டினால் காசு தேறும்

மின்சாரம் மிச்சம், புகை குறைவு என்று வீட்டுக்கு விற்கிற பொருள்களில் பிஎல்டிசி (பிரஷ் இல்லாத டிசி மோட்டார்) ஃபேனுக்குப் போட்ட காசு சீக்கிரம் திரும்பி வரும். ஆனால் எல்லா அறைக்கும் அந்தக் கணக்கு பொருந்தாது. ஹாலிலும் படுக்கையறையிலும் நாள் முழுக்க சுற்றுகிற ஃபேனை மாற்றினால் லாபம். விருந்தாளி வந்தால் மட்டும் போடுகிற அறையில் மாட்டினால் அலங்காரம்தான்.

1200 மி.மீ. சாதாரண ஃபேன், அதாவது நம் கடைக்காரர் 48 இன்ச் என்பது, முழு வேகத்தில் 70 முதல் 80 வாட் இழுக்கும். அதே அளவு பிஎல்டிசி 28 முதல் 35 வாட். வித்தியாசம் 45 வாட் என்று வைத்து, தினம் 12 மணி நேரம் ஓட்டினால் வருஷத்துக்கு 197 யூனிட் மிச்சம். நம் நாட்டுக் கரண்டில் நிலக்கரியின் பங்கு பெரியது என்பதால் யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு. ஆக, ஒரு ஃபேனுக்கு ஆண்டுக்கு 140 கிலோ அளவில் குறையும். 60 லிட்டர் பெட்ரோலை பைக்கில் எரித்தால் வருகிற அளவு அது.

பில்லில் தெரியுமா என்பது வேறு கேள்வி. தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட்டுக்குள் முடிக்கிற வீட்டுக்கு ஏற்கெனவே பில் பூஜ்யம். அங்கே மிச்சமாவது கரி மட்டும்தான். 520, 530 என்று 500-ஐ ஒட்டித் தாண்டுகிற வீட்டுக்குத்தான் கொண்டாட்டம். 500 தாண்டினால் கட்டண அட்டவணையே மாறி, கீழ்ப்படி யூனிட்டுகளின் விலையும் ஏறிவிடும். ஒரு ஃபேன் இரண்டு மாதத்தில் 33 யூனிட் இறக்கும். கோட்டுக்கு இந்தப் பக்கம் வர அதுவே போதும்.

பழைய ஃபேன் ஏன் அவ்வளவு தின்கிறது? இண்டக்‌ஷன் மோட்டாரில் சுழலும் பாகத்துக்குக் காந்தம் கிடையாது. அதற்குள் கரண்டைத் தூண்டித்தான் சுற்ற வைக்கிறோம். அதில் ஒரு பங்கு வெறும் சூடாகப் போகிறது. இரண்டு மணி நேரம் ஓடிய பழைய ஃபேனை நிறுத்திவிட்டு மோட்டார் மூடியைத் தொட்டால் கை சுடும். பிஎல்டிசியில் நிலைக்காந்தம் இருப்பதால் அந்தச் செலவு இல்லை, மூடி வெதுவெதுப்போடு நிற்கும். இந்த வகை ஃபேனை இந்தியாவில் முதலில் சந்தைக்குக் கொண்டுவந்தது கோவை வெர்சா டிரைவ்ஸின் சூப்பர்ஃபேன்தான், 2012இல். இன்று ஏறக்குறைய எல்லாக் கம்பெனியும் போடுகிறது.

கடையில் 2500 முதல் 3500 ரூபாய்க்குள் நல்லதே கிடைக்கும். 2023 ஜனவரி 1 முதல் சீலிங் ஃபேனுக்கு ஸ்டார் லேபிள் கட்டாயம். ஆனால் ஸ்டாரை மட்டும் எண்ணாதீர்கள். லேபிளில் சர்வீஸ் வேல்யூ என்று ஒரு எண் இருக்கும்: நிமிடத்துக்கு எத்தனை கன மீட்டர் காற்று என்பதை வாட்டால் வகுத்தது. 2023 அட்டவணைப்படி 1200 மி.மீ. ஃபேனுக்கு அது 6 தொட்டாலே 5 ஸ்டார். காற்றைக் குறைத்தும் வாட்டைக் குறைத்துக் காட்டலாம் என்பதால் காற்றின் அளவைத் தனியாகப் பாருங்கள். 220 கன மீட்டருக்குக் கீழே இருந்தால் மே மாதத்தில் திட்டுவீர்கள். ஆர்பிஎம், அதாவது நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பது, கூடுதல் என்று விற்பனையாளர் சொல்வதற்கு மதிப்பில்லை. இறக்கையின் அகலமும் சாய்வும் சரியில்லாத ஃபேன் 380 சுற்று சுற்றினாலும் சத்தம்தான் மிஞ்சும்.

மாட்டும்போது நடக்கிற பெரிய தப்பு, ரிமோட்டில் ஓடுகிற இந்த ஃபேனுக்குப் பழைய ரெகுலேட்டரை அப்படியே விட்டுவிடுவது. எலக்ட்ரீஷியன் “5இல் வெச்சிருங்க, ஒண்ணும் ஆகாது” என்பார். யாராவது ஒரு நாள் அதை 3க்குத் திருப்புவார்கள். எலக்ட்ரானிக் ரெகுலேட்டர் மின்அலையைத் துண்டு துண்டாக வெட்டி அனுப்பும். ஃபேனுக்குள் இருக்கும் எலக்ட்ரானிக் போர்டுக்கு அது ஒத்துக்கொள்ளாது. முதலில் ரிமோட் கேட்காது, பிறகு ஃபேன் நின்று நின்று ஓடும், கடைசியில் போர்டு போகும். வாரண்டியிலும் இழுபறி வரும். மெயினை ஆஃப் செய்து, ரெகுலேட்டரின் இரண்டு ஒயரையும் கழற்றி, ஒரு கனெக்டரில் சேர்த்து முடுக்கி, அந்த ஓட்டைக்கு பிளாங்க் பிளேட் போடச் சொல்லுங்கள். பத்து நிமிட வேலை. சுவர் ரெகுலேட்டரிலேயே ஓடும்படி செய்த பிஎல்டிசி மாடல்களும் உண்டு. பெட்டியில் அப்படி எழுதியிருந்தால் மட்டும் அதை விட்டுவையுங்கள். ரிமோட்டோடு மல்லுக்கட்ட முடியாத வயதானவர்கள் இருக்கும் வீட்டுக்கு அதுவே நல்லது.

ஒரே பெட்டியில் வரும் மூன்று இறக்கைகளும் எடை பார்த்துச் சேர்த்தவை. நாலு ஃபேனை ஒன்றாகப் பிரித்து இறக்கைகளைக் கலந்துவிட்டால் ஆட்டம் நிற்கவே நிற்காது. சுவிட்ச் போட்டதும் இறக்கை முன்னும் பின்னுமாக லேசாக அசைந்துவிட்டுப் பிறகு சுற்றத் தொடங்கினால் பயப்பட வேண்டாம். சென்சார் இல்லாத மோட்டார் தன் காந்தம் எங்கே நிற்கிறது என்று தேடுகிறது, அவ்வளவுதான்.

இதன் பலவீனம் அந்த போர்டுதான். சாதாரண ஃபேன் மெதுவானால் 2.5 மைக்ரோஃபாரட் கண்டென்சரை மாற்றினால் போதும். தெருமுனை கடையில் கிடைக்கும், ஐம்பது ரூபாய் சமாச்சாரம். பிஎல்டிசி போர்டு அந்தக் கம்பெனியின் அந்த மாடலுக்கு மட்டுமே சேரும். ஐப்பசி இடியிலும், போன கரண்ட் திரும்பும்போது ஏறி வரும் வோல்டேஜிலும் அடிபடுவது இதுதான். ஆகவே விலையில் 300 ரூபாய் குறைவதைவிட, போர்டுக்கு எத்தனை வருஷ வாரண்டி, உங்கள் ஊரில் சர்வீஸ் ஆள் உண்டா, போர்டு தனியாகக் கிடைக்குமா என்ற மூன்றும் முக்கியம். மூன்றாவது கேள்விக்குக் கடைக்காரர் மழுப்பினால் வேறு மாடல் பாருங்கள். வீட்டு மெயின் ஃபியூஸ் பெட்டியான டிபி பாக்ஸில், ஏறி வரும் வோல்டேஜைத் தடுக்கும் ஒரு சர்ஜ் புரொடக்டரும் ஒழுங்கான எர்த்தும் இருந்தால் பாதி ஆபத்து குறையும்.

கிராமங்களிலும் கோடை இரவுகளிலும் வோல்டேஜ் 170க்கு இறங்கும்போது பழைய ஃபேன் தள்ளாடும். பிஎல்டிசி வேகம் குறையாமல் சுற்றும். இன்வெர்ட்டர் வீட்டில் மூன்று ஃபேனுக்கு 225 வாட் போய் 90 ஆகிவிடுவதால் அதே பேட்டரி இரண்டு மடங்குக்கு மேல் தாங்கும். சதுர அலை இன்வெர்ட்டரில் பழைய ஃபேன் போடும் உறுமலும் இதில் பெரிதாக இருக்காது. ஏசி இருக்கும் அறையில் இதை 2இல் ஓடவிட்டு ஏசியை 24இலிருந்து 27க்கு ஏற்றினால், ஃபேனில் மிச்சமாவதைவிட ஏசியில் மிச்சமாவது பெரிது; ஒரு டிகிரிக்கு 6 சதவீதம் என்பது ஸ்டார் லேபிள் தருகிற மத்திய அரசு அமைப்பான பிஇஇ சொல்லும் கணக்கு.

பெட்டியில் போட்ட வாட் உண்மையா என்று வீட்டு மீட்டரிலேயே பார்த்துவிடலாம். இன்வெர்ட்டர், ஃபிரிட்ஜ், ரூட்டர் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, ஃபேனை மட்டும் முழு வேகத்தில் ஓடவிடுங்கள். மீட்டரில் ஒரு சிவப்பு விளக்கு மினுக்கும். பக்கத்திலேயே யூனிட்டுக்கு 3200 மினுக்கு என்பதுபோல் எழுதியிருக்கும். இரண்டு மினுக்குக்கு இடையே எத்தனை வினாடி என்று பார்த்து 1125ஐ அதனால் வகுத்தால் வாட் வந்துவிடும். 15 வினாடி என்றால் 75 வாட், 37 வினாடி என்றால் 30. மீட்டரில் எண் வேறாக இருந்தால் 36 லட்சத்தை அந்த எண்ணால் வகுத்துக்கொண்டு, 1125க்குப் பதில் அதைப் போடுங்கள். கீழே மீட்டர் பெட்டியில் ஒருவர், மேலே சுவிட்சில் ஒருவர் என்று போனில் பேசிக்கொண்டே செய்தால் சுலபம்.

கழற்றிய பழைய ஃபேனைத் திண்ணையில் மாட்டி அதையும் ஓட்டினால் மேலே போட்ட கணக்கு அத்தனையும் அடிபட்டுப் போகும். காயலான் கடையில் போடுங்கள். காயில் காப்பரா அலுமினியமா என்று பார்த்துத்தான் விலை சொல்வார். காப்பராக இருந்தால் கொஞ்சம் பேரம் பேசலாம்.